மடியில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்

அன்று செம்பாறைப் பொத்தைக் கூடத்தில் இருந்தவர்கள்: லீதியாள் டீச்சர். அவரிடம் மூன்று வருடமாகப் பாடம் கேட்கும் மாசானம். மாசானத்தின் மருமகள் ஆவுடைச்செல்வி. புத்தகங்கள் கொண்டுவந்த ஏஜெண்டு நம்பிராஜன். எர்த்து என்ற நாய். ஆக நாலு பேர், ஒரு நாய்.

மாசானத்தின் மகன் சுடலைமணி இல்லை. அவன் இறந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது. இருந்தாலும் அன்று நடுப்பகலில் மாசானம் ஆட்களை எண்ணியபோது ஐந்து பேர் என்று வந்தது.

பொத்தை என்பது ஊருக்கு வெளியே தனியாகக் கிடக்கும் பாறைக்குன்று. அதன் அடிவாரத்தில், காற்றாலைக்காரர்கள் சாமான் போட்டுவைத்துப் பிறகு கைவிட்ட ஒரு நீளமான கட்டடம். அதுதான் கூடம். சுற்றிலும் காற்றாடிகள். ஆனி, ஆடியில் அவை போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காது. இது பங்குனி. காற்று செத்துக் கிடந்தது. காற்றாடி ஒன்றுகூடச் சுற்றவில்லை. இரைச்சலுக்குப் பழகிய காது, அது இல்லாதபோது தானாக எதையாவது தேடும்.

லீதியாள் டீச்சர் எஞ்சினியரிங் கல்லூரியில் இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு, அதை விட்டுவிட்டு இங்கே வந்தவர். மின்சார வேலையில் ஒருவர் இறந்துபோனால் அவர் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். ஆடு மேய்த்தவனோ ஜவுளிக்கடையில் நின்றவளோ, யாராக இருந்தாலும் ஒருநாள் காலையில் மின்சாரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அப்படி நிற்கப் போகிறவர்களைக் கூட்டி, டீச்சர் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்.

மாசானம் டீச்சரைவிட ஒன்பது வயது மூத்தவர். லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கையால் செய்ததற்கு ஏன் என்று தெரிந்துகொள்ளலாம் என்று வந்தார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சர் என்பார். அதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இருந்ததில்லை. உட்கார்ந்தால் மாசானத்துக்கு வலது கால் ஆடும். காலை ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பதினாலு மாதமாகச் சொல்வதில்லை.

சித்திரை முதல் தேதி புதிதாக ஆறு பேர் வரவிருந்தார்கள். அதில் ஒருத்தி ஆவுடைச்செல்வி. லைன்மேனாக இருந்த சுடலைமணி கம்பத்தின் மேல் இறந்தான். அவனுக்குப் பதிலாக அவளுக்கு சப்ஸ்டேஷனில் உதவியாள் வேலை. ஆறு பேருக்கும் ஒரே புத்தகம். எந்தப் புத்தகம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை டீச்சர் மாசானத்திடம் விட்டிருந்தார்.

நம்பிராஜன் மூன்று புத்தகம் கொண்டுவந்திருந்தான். மூன்றும் ஒன்றும் தெரியாதவர்களுக்கான ஆரம்பப் பாடம். ஒன்று நீல அட்டை, செங்கல் கனம். இன்னொன்று மின்னல் படம் போட்டு வழவழவென்று இருந்தது. மூன்றாவது மஞ்சள் அட்டை, மெலிசு. அதில் அங்கங்கே அச்சு மை அப்பியிருந்தது.

"நாலு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ராத்திரிதான் அண்ணாச்சி," என்றான் நம்பிராஜன். "மாப்பிள்ளை பாக்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்காதீங்க."

"மாப்பிள்ளை சரியில்லேன்னா ஒரு வீடுதான் வே கெடும். இது ஆறு வீடு."

"அதுவும் ஏற்கெனவே ஒரு தடவை கெட்ட வீடு," என்றாள் ஆவுடைச்செல்வி. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மாசானம் டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு புத்தகம் நல்லதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

டீச்சர் எழுந்தார். சுவரோரமாக ஸ்டூலைப் போட்டு ஏறி, மெயின் பெட்டியைத் திறந்து, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இறங்கிவந்து மாசானத்திடம் நீட்டினார்.

"மடியில கட்டிக்கிடுங்க."

மாசானம் வேட்டி மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டார். பீங்கான் குளிர்ச்சி வயிற்றில் பட்டது.

"இப்போ இந்தக் கட்டடத்துல கரண்ட் இருக்கா?"

சட்டென்று இல்லை என்று சொல்லிவிடும் ஆள் அல்ல அவர். ஸ்டூலில் ஏறினார். வெளியிலிருந்து ஒயர் வந்து சேரும் முனையில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. டெஸ்டர் உயிரோடு இருக்கிறது. கட்டடத்துக்குள் போகும் முனைகளில் வைத்தார். எரியவில்லை. மறுபடி வரும் முனையில் வைத்து, டெஸ்டர் இடையில் செத்துப்போகவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் இறங்கினார்.

"இல்லை."

"சரி. உள்ளே போய் மூணுலயும் முதல் பாடத்தை வாசிங்க. வாசிச்சிட்டு வந்து சொல்லுங்க."

உள் அறையின் ஜன்னல்களை வெக்கைக்காகச் சாத்தியிருந்தார்கள். வென்டிலேட்டர் வழியாக வரும் வெளிச்சம் வாசிக்கப் போதும். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை. தலைக்கு மேலே ஒரு சின்ன பல்பு தொங்கியது. எர்த்து கூடவே வந்து நிலைப்படியில் படுத்துக்கொண்டது. எப்போதும் வயிறு முழுதும் தரையில் படத்தான் படுக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

மாசானம் நீல அட்டையை முதலில் பிரித்தார். அணு, எலெக்ட்ரான், மின்னழுத்தம், மின்னோட்டம். எல்லாம் சரியாக இருந்தது. தெரிந்த தெருவில் நடப்பது போல வாசித்துக்கொண்டு போனார். நாலாம் பக்கத்தில் தாளின் மேல் லேசாக ஒரு மஞ்சள் படிந்தது.

நிமிர்ந்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பிரகாசமாக எரியவில்லை. இறந்தவர் தலைமாட்டில் ஏற்றிவைக்கும் விளக்கு அளவுக்கு எரிந்தது. கூடவே ஒரு சத்தம். மிகப் பக்கத்தில், மிக மெல்லிசாக, கிணுகிணுவென்று. அவர் அசையாமல் உட்கார்ந்தார். சத்தம் நின்றது. பல்பு மெதுவாக மங்கி, பிறகு அணைந்தது.

மடியைத் தொட்டுப் பார்த்தார். மூன்று கட்டைகளும் இருந்தன.

ஒரு பக்கம் அறுத்துவிட்ட கம்பிக்கு மறுபக்கத்திலிருந்து கரண்ட் வரும். அது அவருக்குத் தெரியும். சுடலைமணி அப்படித்தான் போனான். லைனை அணைத்துவிட்டு, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, யாரும் மறுபடி மாட்டிவிடக்கூடாது என்று தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அந்தக் கரண்ட் மண்டபத்தின் வழியாக ஏறி, அவன் பிடித்திருந்த கம்பிக்கு வந்தது. இறக்கியபோது கட்டைகள் பையில் பத்திரமாக இருந்தன.

மாசானம் எழுந்தார். மெயின் பெட்டியைச் சோதித்தார். உள்ளே போகும் முனைகள் செத்தே கிடந்தன. வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றினார். மொட்டை மாடியில் சோலார் தகடு இல்லை. எந்த மூலையிலும் பேட்டரி இல்லை. பக்கத்து லைன் தூரத்தில் போனது. அதிலிருந்து இங்கே ஒரு நூல்கூட வரவில்லை. மேலே காற்றாடிகள் ஒன்றும் அசையாமல், இவர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றன.

வேப்பமரத்தடியில் நம்பிராஜன் சுண்டல் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, பாடத்துக்கு நடுவுல பிரதட்சிணமா?"

"இங்கன எங்கயாவது ஜெனரேட்டர் ஓடுதா வே?"

"காத்தே ஓடல. ஜெனரேட்டர் எங்கே ஓடும்?"

ஆவுடைச்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா."

டீச்சர் கிணற்றடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாசானம் உள்ளே வந்து உட்கார்ந்தார். பல்பு இருட்டாக இருந்தது. விட்ட இடத்திலிருந்து வாசித்தார். முதலில் பல்பைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். எரியவில்லை. பிறகு வாசிப்பில் மனம் ஒன்றியது. தாள் மஞ்சளானது. கிணுகிணு.

எர்த்து தலையைத் தூக்கியது. காதை நிமிர்த்தியது. அது பல்பைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தது.

அந்தச் சத்தத்தை அவர் முன்பு கேட்டிருக்கிறார். எங்கே என்று நினைத்துப் பார்த்தபோது பிடரி மயிர் எழுந்தது. சாயங்காலம் சுடலைமணி வேலை முடிந்து தெருவில் வரும்போது இடுப்பு பெல்ட்டில் கட்டிங் பிளேயரும் ஸ்பேனரும் உரசும். வீட்டில் உலை வைப்பதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

மாசானம் மனதுக்குள் எண்ணினார். கிணற்றடியில் டீச்சர். மரத்தடியில் நம்பிராஜன், ஆவுடை. இங்கே நான். நாலு. விளக்கு தானாக எரியாது. அதை எரிய வைக்கிறவன் ஒருவன் இருக்க வேண்டும். அவனோடு ஐந்து.

"மணி," என்றார், மெதுவாக.

பல்பு மங்கியது.

அதற்குப் பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. பயம் இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. பெண்டாட்டி படிக்கப் போகிறாள் என்று தெரிந்து வந்திருக்கிறான். எந்தப் புத்தகம் என்று அவன் சொல்லட்டும். மாசானம் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு மின்னல் அட்டையைப் பிரித்தார்.

குழாயில் தண்ணீர் ஓடுவதுபோலக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்று ஆரம்பித்தது. அழகாகச் சொல்லியிருந்தார்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும், அதுதான் மின்னழுத்தம். குழாய் குறுகினால் தண்ணீர் குறையும், அதுதான் மின்தடை. வாசிக்கும் வழியில் ஒரு கல் இல்லை, ஒரு மேடு இல்லை. பல்பு இதற்கு முன் எரியாத அளவுக்கு எரிந்தது. சுவரில் அவர் நிழல் விழுந்தது. சத்தம் விடாமல் கேட்டது. மாசானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.

மஞ்சள் அட்டையில் அவருக்குப் பொறுமை இல்லை. ஒரே கோட்டுப் படம். 'இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்' என்று எழுதியிருந்தது. அவருக்கு வரவில்லை. 'நீங்கள் இப்படி நினைத்திருப்பீர்கள்' என்றது. அவர் நினைக்கவில்லை. தெரிந்ததையே குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னது. பல்பு ஒருமுறை முனகிவிட்டு அணைந்துபோனது. மூடிவைத்தார்.

மின்னல் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதுதான் டீச்சர்."

"நானும் இதைத்தான் நினைச்சேன்," என்றான் நம்பிராஜன். "வெண்ணெய் மாதிரிப் போகும்."

"யார் சொன்னது, இதுதான்னு?" என்று டீச்சர் கேட்டார்.

மாசானம் தயங்கினார். மருமகள் நிற்கிறாள். இருந்தாலும் டீச்சரிடம் மறைத்து அவருக்குப் பழக்கம் இல்லை.

"விளக்கு சொல்லிச்சு."

நம்பிராஜன் சுண்டல் பொட்டலத்தை மடித்தான். டீச்சர் ஆச்சரியப்படவில்லை.

"மூணுக்குமா எரிஞ்சுது?"

"மூணுக்கும் எரிஞ்சுது. இதுக்குத்தான் ரொம்ப."

"ஆவுடை, உள்ளே வாம்மா."

டீச்சர் ஒரு டப்பாவிலிருந்து ஐம்பது புளியங்கொட்டையை எண்ணி மேஜையில் வைத்தார்.

"வாசி. புரியாத இடம் வந்தா ஒரு கொட்டையைத் தள்ளி வை. பின்னால புரிஞ்சிட்டா அதை எடுத்துரு. வெட்கப்படாதே. இங்க பரீட்சை எழுதுறது நீ இல்ல, புத்தகம்தான்."

ஆவுடைச்செல்வி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஜவுளிக்கடையில் பகல் முழுதும் நின்ற கால்கள் அவை. உட்கார இடம் கிடைத்தால் முதலில் காலைத்தான் தூக்கி வைப்பாள். மாசானம் சுவரோரம் நின்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நீல அட்டையை வாசித்தாள். பல்பு எரியவில்லை. கொட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பல்பு எரியவில்லை. அப்பனுக்கு வந்தவன் பெண்டாட்டிக்கு வர மாட்டானா என்று மாசானம் நினைத்தார். ஒன்பதாம் பக்கத்தில் ஐம்பது கொட்டையும் தீர்ந்தது.

"என்னம்மா?" என்றார் டீச்சர்.

"மின்னோட்டத்தைத் தள்ளுறது மின்னழுத்தம்னு இருக்கு. சரி, மின்னோட்டம்னா என்னன்னு முன்னால போய்ப் பாத்தா, மின்னழுத்தம் தள்ளுறதால ஓடுறதுன்னு இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கையைக் காட்டுதாங்க. அதுக்கு மேல என்னால போக முடியல."

"அது சரியாத்தானம்மா எழுதியிருக்கு," என்றார் மாசானம்.

"சரியாத்தான் இருக்கும் மாமா. எனக்குள்ள இறங்கல."

கொட்டைகளைக் கூட்டி மறுபடி ஐம்பதாக வைத்தார்கள். மின்னல் அட்டை. அவள் வேகமாக வாசித்தாள். பாடம் முடிந்தபோது ஒரு கொட்டைகூட நகரவில்லை. பல்பும் எரியவில்லை. நிலைப்படியில் நின்ற நம்பிராஜன் கையைத் தேய்த்துக்கொண்டான்.

"முழுசாப் புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"நல்லாப் புரிஞ்சுது டீச்சர். தண்ணி மாதிரி."

"ஒரு கம்பி அறுந்து தரையில கிடக்கு. நீதான் முதல்ல பாக்க. என்ன செய்வ?"

ஆவுடைச்செல்வி யோசித்தாள். புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"குழாய் உடைஞ்சா தண்ணி ஒழுகும்லா. அது மாதிரி கரண்ட் கீழே ஒழுகிட்டு இருக்கும். கொஞ்ச நேரம் விடுவேன். எல்லாம் ஒழுகித் தீர்ந்த பிறகு கம்பியை எடுத்து ஓரமாப் போடுவேன்."

மாசானம் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் அதை எடுத்து ஓரமாகப் போடுவதை அவர் மனதுக்குள் பார்த்துவிட்டார். எடுத்தபின் போட மாட்டாள். விரல்கள் மூடிக்கொள்ளும், திறக்காது.

"தப்பா மாமா?"

டீச்சர் மின்னல் அட்டையை எடுத்து நம்பிராஜன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். நீலத்தையும் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

மஞ்சள் அட்டை. இது நேரம் பிடித்தது. ஆவுடைச்செல்வி ஒரு கொட்டையைத் தள்ளினாள். இரண்டு பக்கம் போய் உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் இரண்டு தள்ளினாள். பிறகு ஒரு இடத்தில் மெல்லச் சிரித்து, முதல் கொட்டையை எடுத்துத் திரும்பப் போட்டாள். தண்ணீர் உதாரணம் இதிலும் வந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, 'இனி தண்ணீரை மறந்துவிடுங்கள், அறுந்த கம்பியில் அது உங்களைக் கொன்றுவிடும்' என்று எழுதியிருந்தது. அவள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, வாசித்த வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொட்டைகள் போவதும் வருவதுமாக இருந்தன. எதை எதற்கு வைத்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. பாடம் முடிந்தபோது தள்ளிவைத்ததில் ஒன்றுதான் திரும்பாமல் நின்றது.

"இது எதுக்கும்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஃபியூஸைப் பிடுங்கினா கரண்ட் வர்ற வழி அறுந்துரும்னு போட்டிருக்கு. அறுந்தது இந்தப் பக்கம்தானே? கம்பிக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும்லா. அங்கேருந்து வந்தா?"

மாசானம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மணி அப்படித்தான் போனான்," என்றார். "அன்னைக்கே உனக்குச் சொன்னேனேம்மா. ஜெனரேட்டர், மண்டபம், எல்லாம் விளக்கமாச் சொன்னேன். புரிஞ்சுதுன்னு சொன்னியே."

"தலையாட்டினேன் மாமா. நீங்க அழுதுக்கிட்டே சொன்னீங்க. எப்படிப் புரியலேன்னு சொல்லுவேன்?"



"அவனும் தலையாட்டுவான்," என்றார் மாசானம். "அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். எனக்கு அது சந்தோஷமா இருக்கும்." பிறகு டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், கட்டை மூணும் என் மடியில இருக்கு. விளக்கு எரிஞ்சுது. என் கண்ணால பாத்தேன். எங்கேருந்து வந்துது?"

"எங்கெல்லாம் தேடினீங்க?"

"மெயின் பெட்டி. மொட்டை மாடி. பக்கத்து லைன். கட்டடம் முழுக்கத் தேடினேன்."

"முழுக்கவா?"

டீச்சர் குனிந்து, மேஜைக்கு அடியில் கால் வைக்கும் பலகையைத் தூக்கினார். பலகை ஸ்பிரிங்கின் மேல் நின்றது. அடியில் ஒரு குழாய்த் துண்டு. அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய செம்புக் கம்பி, உள்ளே ஒரு காந்தம். பலகை ஆடினால் காந்தம் ஆடும். கம்பியிலிருந்து இரண்டு ஒயர்கள் மேஜைக் காலோடு ஒட்டிப் போய், சுவருக்குள் நுழைந்து, மேலே பல்புக்குப் போயின.

மாசானம் தன் வலது காலைப் பார்த்தார். தெரிந்த பாடம் தடையில்லாமல் ஓடும்போதெல்லாம் ஆடிய கால் அது.

நாற்காலியைப் பிடித்து எழுந்தார். பலகையில் பாதத்தை வைத்து, வழக்கம்போல ஆட்டினார். மடியில் மூன்று பீங்கான் கட்டைகளும் ஒன்றோடொன்று உரசின. கிணுகிணு. பல்பு எரிந்தது. ஆவுடைச்செல்வி மூச்சை உள்ளிழுத்தாள். எர்த்து எழுந்து வெளியே போய்விட்டது.

"அஞ்சு பேருன்னு எண்ணினேன் டீச்சர்," என்றார் மாசானம். "என்னையே ரெண்டு தடவை எண்ணியிருக்கேன்."

காலை எடுத்தார். பல்பு அணைவதற்கு நேரம் எடுத்தது. அது முழுதும் அணையும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மணின்னு கூப்பிட்டேன்," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"கேட்டுது அண்ணாச்சி," என்றார் டீச்சர். "காத்து இல்லாததால கிணத்தடி வரைக்கும் கேட்டுது. வந்து பலகையைத் தூக்கிக் காட்டிரலாமான்னு நினைச்சேன்."

"ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா நீங்களும் தலையாட்டியிருப்பீங்க," என்று டீச்சர் ஆவுடைச்செல்வியைப் பார்த்தார். அவள் அந்த ஒற்றைக் கொட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மாசானம் அதைக் கேட்கவில்லை.

நம்பிராஜன் நிலைப்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். "அப்போ மஞ்சள் அட்டைல ஆறு. அப்படித்தானே அண்ணாச்சி? அச்சு அப்பியிருக்குன்னு யாரும் இதை வாங்க மாட்டாங்க. ஆறு தேடணும், தேடிக் கொண்டாறேன்." இரண்டு புத்தகங்களையும் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மாசானம் மஞ்சள் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஃபியூஸைப் பற்றிய அந்தப் பக்கத்தைப் பிரித்தார். பேனாவைத் திறந்தார்.

"இவ கேட்டதுக்கு இதுலயும் பதில் இல்ல டீச்சர். பக்கத்து ஓரத்துல நான் எழுதிச் சேத்துரட்டுமா? மணியைக் கொன்னது இதுதான். ஆறு பேருக்கும் தெரியணும்."

ஆவுடைச்செல்வி எழுந்துகொள்ள, டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"எழுதுங்க அண்ணாச்சி. எழுதும்போது காலைத் தூக்கி மேலே வச்சுக்கிடுங்க."

மாசானம் சிரமப்பட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் கட்டைகள் சத்தம் போடவில்லை. நெடுநேரம் யோசித்து இரண்டு வரி எழுதினார். புத்தகத்தை ஆவுடைச்செல்வியின் பக்கம் திருப்பினார்.

அவள் வாசித்தாள். தலையாட்டவில்லை. கொட்டையை எடுக்கவும் இல்லை.

அவர் இரண்டு வரியையும் அடித்துவிட்டு, மறுபடி யோசிக்க ஆரம்பித்தார்.

மேஜையில் தள்ளிவைத்தபடி மிச்சம் புளியங்கொட்டை ஒன்று.